கொக்கின் கழுத்து

எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பெரிதாகக் கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். எழுபத்திரண்டு வயதில் எனக்குக் கண் மங்கிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. பொறாமை மட்டும் நேற்றுதான் வாங்கிவந்தது போலப் பளபளவென்று இருக்கிறது.

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த இடமும் அப்படிப்பட்டதுதான். மில்லர்ஸ் ஃபோர்க் அறிவியல் பொறியியல் உயர்நிலைப் பள்ளி. அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் வரும் பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொள்வதால் எங்கள் ஒஹாயோ பக்கம் அதைக் காந்தப் பள்ளி என்பார்கள். நூற்று நாற்பது இடத்துக்கு ஆயிரத்து நூறு பேர் விண்ணப்பம் போடுவார்கள். இடம் கிடைக்காத பிள்ளையின் அம்மா, கிடைத்த பிள்ளையின் அம்மாவைக் கடையில் கண்டால் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பிவிடுவாள். கிடைத்த பிள்ளையாவது நிம்மதியாக இருக்குமா என்றால், 97.81 வாங்கிவிட்டு, 97.83 வாங்கியவனைப் பார்த்துச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைக்கும். ஒரு தடவை என் பட்டறையில் ஒரு பையன் வயிற்றெரிச்சலோடு நின்றபோது, அவன் பக்கத்தில் இருந்த ஈயக் கம்பி சூடு காட்டாமலேயே உருகியது. நானே கண்ணால் பார்த்தேன்.

என் பட்டறைக்கும் டெல்மர் கெய்ஸின் மின்சார ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இருபத்தாறு வருடம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் நான் "அரத்தை அப்படிப் பிடிக்காதே" என்று கத்திக்கொண்டிருந்தேன். வருடா வருடம் ஆண்டுமலரில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்தொன்பது முறை டெல்மர். ஒரு வருடம் எனக்குக் கிடைத்திருக்கும். அந்த வருடம் பார்த்து அச்சகத்தில் தண்ணீர் புகுந்து ஆண்டுமலரே வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகாவது விட்டதா? நான் காந்தப் பள்ளியின் ரோபோ அணிக்கு வழிகாட்டியாக ஒட்டிக்கொண்டேன். டெல்மர் என்ன செய்தார் தெரியுமா? ஐந்து மைல் தள்ளி இருக்கிற பென்ரோஸ் பள்ளிக்குப் போய்விட்டார். சாதாரணப் பள்ளி. எங்களிடம் இடம் கிடைக்காத பிள்ளைகள் போகிற பள்ளி. எங்களுக்குத் தண்ணீரால் இரும்பை வெட்டுகிற இயந்திரம் இருக்கிறது. அவர்களுக்கு, முன்பு பனி அள்ளும் வண்டி நிறுத்திவைத்த ஒரு கொட்டகை. அதில் உட்கார்ந்து, கண்டதையும் கழியதையும் சேர்த்து ஒரு ரோபோவைச் செய்து அதற்கு "வாளி" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நிஜமாகவே அது சக்கரம் வைத்த வாளிதான். அந்த வாளி இரண்டு வருடமாக மாவட்டப் போட்டியில் முதலிடம். எங்கள் காந்தப் பள்ளி, பெயர் வைத்த நாளிலிருந்து இதுவரை மாநிலப் போட்டியின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

இந்த மார்ச் மாதம் எங்களிடம் "கொக்கு" இருந்தது.

கொக்கு என்பது எங்கள் ரோபோவின் பெயர். இந்த வருட விளையாட்டில், தரையில் கிடக்கும் வளையங்களை எடுத்துக் கம்பங்களில் மாட்ட வேண்டும். கம்பம் உயர உயரப் புள்ளி அதிகம். உச்சிக் கம்பம் ஆறரை அடி. எங்கள் கொக்குக்கு மடங்கி நீளும் ஒரு கை இருந்தது, பிள்ளைகள் அதைக் கழுத்து என்றுதான் சொல்வார்கள். அதை நீட்டினால் உச்சிக் கம்பம் என்ன, நிலாவிலேயே வளையம் மாட்டலாம்.

அணித் தலைவி இமானி பெக்கெட். பன்னிரண்டாம் வகுப்பு. தினமும் ஒரு மணி பத்து நிமிடம் பள்ளிப் பேருந்தில் வருகிறவள். நாலு வருடமாக அணியில் இருக்கிறாள், இது கடைசி. போட்டிக்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னாள்:

"மிஸ், எனக்குக் கப்பு வேணாம், பதக்கம் வேணாம். கொலம்பஸ் போகணும். மாநிலப் போட்டியில ஒரு தடவை நம்ம கொக்கை இறக்கிப் பாக்கணும். அவ்ளோதான்."

"போவோம்டி கண்ணு. நான் இருக்கேன்ல?" என்றேன்.

அந்த "நான் இருக்கேன்" என்பதில்தான் எல்லாம் வந்தது.

போட்டியின் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது அணிகள். காலை முழுக்கச் சீட்டுக் குலுக்கிய மாதிரி கலந்து கலந்து விளையாடி, மதியம் தரவரிசை வரும். முதல் எட்டு அணிகளின் தலைவர்கள் அரங்கின் நடுவில் வரிசையாக நின்று, மற்ற முப்பத்திரண்டிலிருந்து ஆளுக்கு இரண்டு கூட்டாளிகளை மைக்கில் அழைப்பார்கள். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டு வரை. இரண்டாம் சுற்றில் எட்டிலிருந்து திரும்ப ஒன்று வரை. மூன்று மூன்று அணியாகச் சேர்ந்து மோதி, வெல்கிற மூன்றும் கொலம்பஸுக்குப் போகும். யாரும் கூப்பிடாத பதினாறு அணிகள் பெட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதனால் எல்லா அணிகளும் வேவு பார்க்கப் பிள்ளைகளை வைத்திருப்பார்கள். அவர்கள் பார்வையாளர் படிகளில் உட்கார்ந்து, எந்த ரோபோ எத்தனை வளையம் மாட்டியது, எது மக்கர் செய்தது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள்.

காலை ஆட்டங்கள் முடிந்தபோது வாளி முதலிடம். கொக்கு பதினோராம் இடம். கடைசி ஆட்டத்தில் ஒரு வளையம் இடுக்கில் மாட்டிக் கழுத்து இருபது நொடி நின்றுவிட்டது, இல்லாவிட்டால் எட்டுக்குள் வந்திருப்போம். பரவாயில்லை. இரண்டாம் இடத்து டொலீடோ அணியின் வழிகாட்டி காலையிலேயே காப்பி வரிசையில் என்னிடம், "உங்க கழுத்து மேல எங்க பசங்களுக்கு ஒரு கண்ணுங்க" என்று சொல்லியிருந்தார். கவலையே இல்லை.

கவலை வேறு. முதலில் அழைக்கும் உரிமை டெல்மரின் அணிக்கு. வாளிக்கு உயரம் எட்டாது. கண் இருக்கிற எவனும் முதல் அழைப்பிலேயே கொக்கைத்தான் கூப்பிடுவான். கூப்பிட்டால்? ஜெயித்தால்? மறுநாள் ஊர்ப் பத்திரிகையில், காந்தப் பள்ளியைக் கைதூக்கிவிட்ட பென்ரோஸ் என்று வரும். டெல்மர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு கரித்தது. காலையில் தின்ற பொட்டலம் ஒரு காரணமாக இருக்கலாம். சோளச் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதற்குள்ளேயே இறைச்சிக் குழம்பை ஊற்றித் தருவார்களே, அது. ஆனால் முக்கால்வாசி டெல்மர்தான்.

அப்போது கொக்கை நிறுத்தியிருந்த எங்கள் கூடாரத்துக்கு ஒரு பெண் வந்தாள். மூக்கெல்லாம் புள்ளி, கையில் குறிப்பேடு, பென்ரோஸ் சட்டை.

"மிஸ், நான் ப்ரின்லி. உங்க ரோபோ கழுத்து கடைசி ஆட்டத்துல நின்னுச்சே, இப்ப எப்படி இருக்கு? டெல்மர் சார் மரியாதையா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

இமானியும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது.

"கழுத்தா? போயிடுச்சும்மா," என்றேன்.

ஒரு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் வேறு மனுஷியாக இருந்திருப்பேன். "கியர் எல்லாம் மாவாயிடுச்சு. கையில அள்ளி ரொட்டி சுடலாம். மோட்டார்ல ஒரே புகை. பாவம், பசங்க அழுதுக்கிட்டே சாப்பிடப் போயிருக்காங்க."

"ஐயோ!" என்றாள் ப்ரின்லி. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். டெல்மர் கூப்பிடமாட்டார். டொலீடோ கூப்பிடும். டெல்மருக்கு எதிரே நின்று டெல்மரை ஜெயித்துக் கொலம்பஸ் போவோம். போகிற வழியெல்லாம் நான் கண்ணடித்துக்கொண்டே போவேன்.

ஒன்றரை மணிக்கு அழைப்பு தொடங்கியது. எட்டுத் தலைவர்கள் நடுவில் நின்றார்கள். மற்ற அணித் தலைவர்கள் ஓரமாகக் கூட்டமாக நின்றார்கள், அவர்களில் இமானியும் ஒருத்தி. பென்ரோஸ் தலைவன் மைக்கை வாங்கி, டேட்டனிலிருந்து வந்த ஒரு அணியை அழைத்தான். கொக்கை அழைக்கவில்லை! நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு அடி எழும்பினேன், பக்கத்திலிருந்தவர் காப்பி கொட்டியது.

டொலீடோ மைக்கை வாங்கியது. நான் கைதட்டத் தயாராகக் கையை விரித்துவைத்தேன். வேறு அணியை அழைத்தார்கள்.

மூன்றாம் அணி. வேறு. நான்கு. வேறு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. விரித்த கை விரித்தபடியே இருந்தது. இமானி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவளைச் சுற்றி நின்ற கூட்டம் குறைந்துகொண்டே வந்தது.

எனக்குப் பின்வரிசையில் இரண்டு வேவுப் பையன்கள்.

"கொக்கை ஏண்டா யாரும் எடுக்கல? காலையில செம்மையா மாட்டிச்சே."

"உனக்குத் தெரியாதா? அதோட கழுத்து துண்டா போச்சு. பேட்டரி வெடிச்சு ஒரு பையனுக்குப் புருவமே இல்லையாம்."

"யார்றா சொன்னா?"

"அவங்க மிஸ்ஸே சொன்னாங்களாம். கதறிக் கதறி அழுதாங்களாம்."

நான் ஒரு பெண்ணிடம் சொன்னது ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது அணிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் குறிப்பைப் பகிர்ந்துகொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பொறாமையில் மறந்துபோனேன். அந்த நேரத்திலும், புருவம் இல்லாத பையன் எனக்குத் தோன்றாமல் போனானே என்று ஒரு சின்ன வயிற்றெரிச்சல் வந்தது. அதை அமுக்கிக்கொண்டு எழுந்தேன்.

இரண்டாம் சுற்று, எட்டாம் அணியிலிருந்து. டொலீடோவின் வழிகாட்டி நாலு வரிசை கீழே இருந்தார். அவருடைய அணி கடைசிக்கு முந்தி அழைக்கும். நான் அவர் தோளைப் பிடித்தேன்.

"சார், கொக்கு நல்லா இருக்கு. கழுத்துக்கு ஒண்ணுமே இல்ல. நான் சும்மா சொன்னேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புரியுதுங்க. பசங்களுக்காகச் சொல்றீங்க. என் அணியா இருந்தா நானும் இதைத்தான் சொல்லுவேன்."

"இல்ல சார், சத்தியமா!"

"அந்தப் புருவம் போன பையன் எப்படி இருக்கான்?" என்றார்.

எட்டு, ஏழு, ஆறு அழைத்து முடித்துவிட்டார்கள். கொக்கு இல்லை. இனி நான் உண்மையைச் சொன்னால் நம்பக்கூடிய ஆள் இந்த அரங்கில் ஒருவர்தான் மிச்சம். கடைசியாக அழைக்கப்போவதும் அந்த ஆளின் அணிதான். அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

ஆயிரம் படி இறங்கினேன். எண்ணிப் பார்த்தவர்கள் இருபத்திரண்டு என்பார்கள், அவர்களுக்கு என் முட்டி இல்லை. அரங்கைச் சுற்றி ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன்தான், ஒரு காவல்காரர் "ஓடாதீங்கம்மா" என்று சொன்னாரே. ஐந்து அழைத்தது. நான்கு அழைத்தது. எதிர்ப்பக்கப் படிகளில் நான் ஏறத் தொடங்கியபோது மூன்று அழைத்தது. டெல்மர் மூன்றாம் வரிசையில், ஓரத்து இருக்கையில், காலை நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா வெர்னா," என்றார். "என்ன, மூச்சு வாங்குது?"

"யோவ் டெல்மர். கொக்கைக் கூப்பிடச் சொல்லுய்யா. உடனே."

"கொக்கா? அதான் மாவாயிடுச்சாமே?"

"ஆகல."

"புகை வந்துச்சாமே?"

"வரல. நான் பொய் சொன்னேன்."

"என்ன சொன்னே?" என்று காதில் கைவைத்தார். "இந்தக் காது மிஷின்ல பேட்டரி தீர்ந்துபோச்சு. கொஞ்சம் சத்தமா சொல்லு."

"நான் பொய் சொன்னேன்!"

"எதுக்கு?"

கீழே டொலீடோ அழைத்துவிட்டது. கொக்கு இல்லை. பென்ரோஸ் தலைவன் மைக்குக்குக் கை நீட்டினான். இமானியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு, கூப்பிடாவிட்டாலும் கைதட்டிவிட்டுப் போகத் தயாராக நேராக நின்றுகொண்டிருந்தாள்.

"பொறாமையில!" என்று கத்தினேன். "உன் வாளி என் கொக்கை விட நல்லா ஆடுது! உன் பசங்க உன்னைப் பாத்துச் சிரிக்கறாங்க! இருபத்தாறு வருஷமா எனக்கு வயிறு எரியுது! போதுமா?"

இந்த மாதிரி நேரத்தில் அரங்கம் சட்டென்று அமைதியாகும் என்று யாருக்குத் தெரியும்? மைக் கைமாறும் அந்த ஒரு கணம், மூவாயிரம் பேரும் மூச்சுவிடவில்லை. என் குரல் கூரையில் பட்டு இரண்டு தடவை திரும்பி வந்தது. வயிறு எரியுது, வயிறு எரியுது என்று.

பென்ரோஸ் தலைவன் ஒரு நொடி எங்களைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, மைக்கில் படித்தான்: "பென்ரோஸ் உயர்நிலைப் பள்ளி, மில்லர்ஸ் ஃபோர்க் கொக்கை அழைக்கிறது."

இமானி "சந்தோஷமா வர்றோம்" என்று சொல்லி ஓடினாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டெல்மர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டார். அவர் அணியின் தேர்வுப் பட்டியல். மேலே டேட்டன். கீழே, பேனாவில் இரண்டு அடிக்கோடு போட்டு, கொக்கு. ஓரத்தில் நேரம்: மதியம் 12.20. ப்ரின்லி என்னிடமிருந்து போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நீ... நம்பவே இல்லையா?"

"வெர்னா, இருபத்தாறு வருஷம் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து உன் சத்தத்தைக் கேட்டவன் நான். நெசமா ஏதாவது உடைஞ்சா நீ வாயே திறக்க மாட்டே. கதவைச் சாத்திக்கிட்டு மூச்சுவிடாம சரிபண்ணுவே. மாவு, புகைன்னு நீ வர்ணிச்சாலே சாமான் முழுசா இருக்குன்னு அர்த்தம்."

"அப்புறம் ஏன் முதல்ல கூப்பிடல?"

"எதுக்குக் கூப்பிடணும்? நீதான் ஊரெல்லாம் சொல்லி வேற எவனும் எடுக்காம பத்திரமா வச்சிருந்தியே. முதல் அழைப்புல டேட்டனை எடுத்தேன். கடைசியில உன்னையும் எடுத்துக்கிட்டேன்." விதைத் தோலைக் குவளையில் துப்பினார். "ரொம்ப நன்றிம்மா."

இந்த ஆள்மேல் எனக்கிருந்த பொறாமைக்கு முன்பு ஒரு காரணம்தான் இருந்தது. இப்போது இரண்டு.

இமானி மேலே ஏறி வந்தாள். சிரிக்கவில்லை.

"மிஸ், நீங்க பேசினது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டுச்சு."

"கண்ணு, நான் வந்து..."

"நாலு வருஷம் மிஸ். உங்க சண்டையில நான் அங்க தனியா நின்னேன்." அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு இனிமே நீங்க கொக்குகிட்ட வரக்கூடாது. இங்கதான் உக்காரணும். டெல்மர் சார் பக்கத்துல."

"ஏண்டி, வேற எங்கயாவது உக்காரறேனே?"

"பக்கத்துலதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். டெல்மர் முழங்காலை இடுக்கி எனக்கு உள்ளே போக வழிவிட்டார். விதைப் பொட்டலத்தையும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், பசி.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன், எனக்கு அது வராது என்றாலும். காலிறுதியில் வாளி தரையிலிருந்த வளையங்களை வாரி வாரிக் கொடுத்தது, டேட்டன் குறுக்கே நின்று எதிரிகளைத் தடுத்தது, கொக்கு மாட்டியது. அரையிறுதியும் அப்படியே. இறுதிச் சுற்றில் எதிரே டொலீடோ. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்று சமம். மூன்றாவது ஆட்டத்தில் வாளி ஒரு வளையத்தின் மேல் ஏறிக் கவிழ்ந்து, சக்கரம் நாலும் வானத்தைப் பார்க்கப் படுத்துவிட்டது. டெல்மர் எழுந்து நின்றார். நாற்பது நொடி பாக்கி. கொக்கு தானே தரைக்குக் குனிந்து, தானே எடுத்து, தானே உச்சிக் கம்பத்தில் மாட்டியது. ஒன்று. இன்னொன்று. கடைசி மணி அடிக்கும்போது மூன்றாவது வளையம் கம்பத்தின் முனையில் ஊசலாடி, இரண்டு வருடம் யோசித்து, உள்ளே விழுந்தது.

அறிவிப்பாளர் "கொக்கு! கொக்கு! கொக்கு!" என்று கத்தினார். அரங்கமே கத்தியது. டெல்மரும் மறுபடி உட்கார்ந்து கைதட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். பாதி வேகத்தில்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, கை வலிக்குதா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"முகம் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. மூணு வருஷமா நான் கத்திக்கிட்டிருக்கேன், வாளிக்கும் ஒரு கழுத்து வைங்கடான்னு. எவன் கேக்கறான்?"

நான் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகம்தான், இன்னொருவர் கழுத்துக்கு மேலே பார்க்க எத்தனை அழகாக இருக்கிறது!

கீழேயிருந்து இமானி படிகளில் தாவி ஏறி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "கொலம்பஸ் போறோம்!" என்று கத்திக்கொண்டே வந்தவள் முதலில் டெல்மரைக் கட்டிக்கொண்டாள். அவர் ஓரத்து இருக்கையில் இருந்தார், நான் உள்ளே இருந்தேன், அவ்வளவுதான் காரணம். எனக்கு அது தெரியும். பிறகு அவர் தலைக்கு மேலே எட்டி என்னையும் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் கோவம்தான் மிஸ்," என்று என் காதில் சொன்னாள், விடாமல்.

"இருக்கட்டும்டி, இருக்கட்டும்," என்றேன்.

அவருக்கு நாலு நொடி. எனக்கு மூன்று. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.